மஞ்சள் கல் தெரிந்தால் வண்டியை நிறுத்து

சரஸ்வதிபுரம், மைசூரு
20 ஜூலை 2025

அன்புள்ள மாலா,

நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல வழியில்லை. உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். பக்கத்தில் அம்மா இருப்பாள். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "அக்கா, போனேர்ல டைவ் பண்ணக் கைடே வேண்டாமாமே? டேங்கை எடுத்துக்கிட்டு நாமளே கரையிலருந்து இறங்கிக்கலாமாமே? டிசம்பர்ல போயிட்டு வந்துடவா?" அதற்கு அரை மணி கழித்து நீ தனியாக, "எனக்குப் பயமா இருக்கு, நீயே சொல்லு" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான். போகலாம், ஆனால் இந்த டிசம்பரில் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

முதலில் போனேர் தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, குராசாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நீளம் 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. செலவுக்கு மட்டும் அமெரிக்க டாலர். ஹூஸ்டனில் பெரியவன் வீட்டில் இருந்தபோது அங்கிருந்தே விமானம் ஏறினோம், ஐந்து மணி நேரம் போல ஆனது. தென்னந்தோப்பும் பச்சைப்பசேலும் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவாய். கள்ளி, முள், சுண்ணாம்புப் பாறை, நடுரோட்டில் நகராமல் நிற்கும் கழுதைகள். இறங்கிய அன்று உன் அத்தான், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? சாயல்குடிக்குப் போயிருந்தா பஸ் சார்ஜோட முடிஞ்சிருக்குமே" என்றார்.

அந்த வறட்சிதான் அங்கே கடலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தீவில் ஆறு கிடையாது, மழையும் குறைவு. மண்ணும் சேறும் அடித்துக்கொண்டு வந்து கடலைக் கலக்குவதில்லை. காற்று வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்தே வீசுவதால் கிழக்குக் கரையில் அலை அடித்து நொறுக்கும், மேற்குக் கரை அடங்கிக் கிடக்கும். அந்த மேற்குக் கரையை ஒட்டியே பவளப்பாறை. கொஞ்ச தூரம் மணல் திட்டுக்கு மேல் நீந்தினால் எட்டுப் பத்து மீட்டர் ஆழத்தில் விளிம்பு வரும், அங்கிருந்து பாறை சரிந்து கீழே போகும். படகு தேவையே இல்லை. நம் பக்கம் எங்கே போனாலும் படகு வேண்டும். புதுச்சேரியில் நீங்கள் பார்த்ததுதான். இங்கே முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவுக்கும் படகுதான். படகு என்றால் நேரம் அவர்களுடையது, வழி அவர்களுடையது, முன்னால் போகிற கைடின் ஃபின்ஸைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்புவதுதான் நம் வேலை.

போனேரில் ரோட்டோரமாக மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மஞ்சள் கல் தெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்க வேண்டியதுதான். கரையிலிருந்தே இறங்கக்கூடிய இடங்கள் ஐம்பதுக்கும் மேல். ஆனால் வந்த உடனே கடலில் குதித்துவிட முடியாது. கடல் பூங்காவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், விதிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள், உட்கார்ந்து கேட்க வேண்டும், பிறகு ஒரு சோதனை டைவ். எடை சரியாகக் கட்டியிருக்கிறோமா, பவளத்தில் இடிக்காமல் மிதக்கத் தெரிகிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் கூட வருவதில்லை. பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் மரச்சட்டத்தில் டேங்குகளை நிற்க வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் எடுத்தால் அது எத்தனை சதவீதம் என்று நீயே கருவியில் அளந்து பார்த்து, டேங்கில் ஒட்டி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளைக்கு நைட்ராக்ஸ் சான்றிதழ் இன்னும் இல்லை என்று நினைக்கிறேன்.

இறங்குவதுதான் பெரும்பாடு. வீடியோவில் அதைக் காட்டமாட்டார்கள். கரை முழுக்கச் செத்த பவளமும் கூரான சுண்ணாம்புப் பாறையும். தடித்த அடி வைத்த பூட்ஸ் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. முதுகில் டேங்க், இடுப்பில் ஈயம், கையில் ஃபின்ஸ். அலை கொத்துக் கொத்தாக வரும், நடுவில் கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்காக நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், ஜாக்கெட்டில் காற்று, இவ்வளவும் கரையிலேயே முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் அலை ஆளைத் தள்ளும். ஆழத்தில் தள்ளாது. நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு நடை நடந்து இறங்கினோம். கல்யாணத்தன்று அக்கினி சுற்றியபோதுகூட உன் அத்தான் என் கையை இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஃபின்ஸை மாட்டுவோம். அதோடு பாரம் எல்லாம் காணாமல் போய்விடும். என் முழங்கால் வலியும்கூட.

கரையில் கேப்டன் அவர். வரைபடம், சாவி, தண்ணீர் பாட்டில், எந்தக் கல்லுக்கு எப்போது போவது, எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணீருக்குள் நான் முன்னால். திசைகாட்டி எனக்குத்தான் ஒழுங்காகப் பார்க்க வருகிறது. அவருக்குக் காற்று சீக்கிரம் தீரும், எனக்கு நிற்கும். அதனால் வழி என்னுடையது, கணக்கு அவருடைய டேங்கை வைத்து. 200 பாரில் தொடங்குவோம். போகும்போது ஓட்டத்துக்கு எதிராக, திரும்பும்போது ஓட்டத்தோடு. அவர் கேஜ் 120-ஐத் தொட்டால் என்ன அதிசயம் எதிரே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். கரைக்கு வரும்போது 50 பார் மிச்சம் இருக்க வேண்டும்.

இதெல்லாம் உங்களுக்கும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். வகுப்பில் ஒரு தரம் சொல்லிவிட்டுப் போய்விடுகிற இன்னொரு விதி இருக்கிறது. நான் எழுத வந்ததே அதைத்தான். இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், கட்டை விரலை மேலே காட்டி டைவை முடித்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டாம். மற்றவர் கேட்கவும் கூடாது.

ஒருநாள் காலையில் தெற்குக் கரையில் இறங்கினோம். நல்ல வெளிச்சம், தண்ணீரில் ஓட்டம் இல்லை, இரண்டு டேங்கிலும் காற்று தாராளமாக இருந்தது. விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்கத் தொடங்கியதும் எனக்கு ஏதோ சரியில்லை. தலைவலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, பயம் என்றும் சொல்ல முடியாது. கட்டை விரலைக் காட்டினேன். உன் அத்தான் உடனே தன் கட்டை விரலைக் காட்டிவிட்டுத் திரும்பினார். கரைக்கு வந்து பிக்கப்பின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்தோம். "உப்பு பிஸ்கட் இருக்கா?" என்றார். கொடுத்தேன். கழுதை ஒன்று வந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது, அதற்கும் ஒன்று போட்டார். போடக் கூடாது என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். ஏன் திரும்பினாய் என்று அப்போதும் கேட்கவில்லை, மைசூர் வந்த பிறகும் கேட்கவில்லை. மிக்ஸி ரிப்பேர் ஆனால் அரை மணி நேரம் விசாரணை நடத்துகிற மனுஷன் மாலா இவர்! உனக்குத் தெரியாததா?

அப்பா சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? முத்துக்குளிப்பில் கீழே போகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது மச்சானாகத்தான் இருப்பான் என்று. தங்கை தாலி தன் கையில் இருக்கிறது என்கிற நினைப்பில் விடமாட்டானாம். கீழேயிருந்து கயிறு இழுபட்டால் மேலே இருப்பவன் யோசிக்கமாட்டான், இழுத்துவிடுவான். சிப்பி கிடைத்ததா, சுறா வந்ததா, மூச்சு முட்டியதா என்பதெல்லாம் படகில் ஏறிய பிறகு. கைடு கூட வந்தால் அந்தக் கயிறு அவர் கையில் இருக்கும். கைடு இல்லாமல் இரண்டு பேர் மட்டும் போனால் அது ஒருவர் கையில் மற்றவருடையது.

மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனால் புதுச்சேரி வீடியோவை நானும் பார்த்தேன். அவர் மீனைத் துரத்திக்கொண்டு முன்னால் போகிறார், நீ எங்கேயோ பின்னால் வருகிறாய், கைடு இரண்டு பேருக்கும் நடுவே அல்லாடுகிறார். அந்தக் கைடை எடுத்துவிட்டு அதே வீடியோவை மனசுக்குள் ஓட்டிப் பார். நீ கட்டை விரலைக் காட்டினால் பார்க்கிற தூரத்தில் அவர் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று கையாட்டாமல் திரும்ப வேண்டும். பிறகு ராத்திரி சாப்பாட்டில், "உன்னாலதான் அந்த ஆமையைப் பார்க்கல" என்று சொல்லாமலும் இருக்க வேண்டும். இது மூன்றும் வந்துவிட்டால் போனேருக்கு டிக்கெட் எடுக்கலாம். இந்தப் பாராவை அவரிடம் நீ படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

தீவுக்காரர்கள் இந்தச் சுதந்திரத்தைச் சும்மா கொடுத்துவிடவில்லை. 1961-லேயே ஆமை முட்டைக்கும் கூட்டுக்கும் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். 1971-ல் ஈட்டித் துப்பாக்கியால் மீன் குத்துவதைத் தடுத்தார்கள். 1975-ல் உயிருள்ளதோ செத்ததோ எந்தப் பவளத்தையும் எடுக்கக் கூடாது என்றார்கள். 1979-ல் கடல் பூங்கா வந்தது. உயர் அலை தொடுகிற கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றியுள்ள மொத்தத் தண்ணீரும் பூங்காவுக்குள். நங்கூரம் போடக் கூடாது, மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். கையுறை போடக் கூடாது. முதலில் எனக்கு இது புரியவில்லை, பிறகு யோசித்தால் சரிதான், கையுறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும். ஆமைச் சட்டத்துக்குப் பிறகு வந்தவற்றுக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர். 1962-ல் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். 2014-ல் இறந்தார். வந்த புதிதில் அவரும் ஈட்டியால் மீன் குத்தியவர்தான்.

அதே 1961-ல்தான் நம் ஊர் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு நம் கடலில் பவளக்கல்லை வள்ளம் வள்ளமாக வெட்டிக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டதை நீயும் நானும் சின்ன வயசில் பார்த்திருக்கிறோம். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, அது ஒரு பிழைப்பு. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக்கினார்கள். ஆனாலும் 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகும் சில வருஷம் வெட்டு ஓயவில்லை. விலாங்குச்சல்லித் தீவு தண்ணீருக்குள் போயேவிட்டது. வான் தீவு கரைந்துகொண்டே வந்தது. அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். நம் ஊரிலேயே இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் நிறைய வேலை செய்திருக்கிறது. அங்கே ரோட்டோரம் மஞ்சள் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஓடியது. பொறாமை என்றே வைத்துக்கொள்.

தெற்குக் கரையில் போகும்போது திடீரென்று நம் ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது. உப்பளம்! கண் கூசுகிற வெள்ளையில் அம்பாரம் அம்பாரமாக உப்பு. பாத்தித் தண்ணீர் மட்டும் ரோஜா நிறம், உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் கொடுக்கிற நிறம் அது. தூரத்தில் பூநாரைகள். நம் ஊரில் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் வரப்பில் நடந்துகொண்டே இருப்பார்களே, அங்கே வரப்பில் ஒரு மனுஷரைக் காணோம். இயந்திரம் வாருகிறது, கன்வேயர் நேராகக் கப்பலில் கொட்டுகிறது.

கொஞ்சம் தள்ளிப் போனால் ஆள் இருந்த கதை தெரிகிறது. கரையோரம் வரிசையாகக் கல் குடிசைகள், 1850-ல் அடிமைகளுக்குக் கட்டியவை. வாசல் என் இடுப்பு உயரம்தான். குனிந்து உள்ளே போனேன், நிமிர முடியவில்லை. வாரம் முழுக்க உப்பில் வேலை, ராத்திரி இதற்குள் படுக்கை. குடும்பம் வடக்கே ரிங்கோன் என்ற ஊரில். வாரக் கடைசியில் ஏழு மணி நேரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார்களாம். 1863 ஜூலை 1-ல்தான் டச்சுக்காரர்கள் தங்கள் கரீபியன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். போனேரை அவர்கள் பிடித்தது 1636-ல், நம் தூத்துக்குடியைப் பிடித்தது 1658-ல். இங்கே முத்தும் துணியும், அங்கே உப்பு. சின்ன வயசில் நாம் தினமும் கடந்து போன திரித்துவ ஆலயம்கூட அவர்கள் 1750-ல் கட்டியதுதானே. உன் அத்தான் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினார், பிறகு தானே உள்ளே வைத்துவிட்டார்.

அந்த உப்பைக் கப்பலில் ஏற்றுகிற பாலத்துக்கு அடியிலேயே டைவ் செய்யலாம். கப்பல் நிற்கிற நாளில் கூடாது, கப்பல் போன பிறகுதான். தூண்கள் ஒவ்வொன்றிலும் ஆரஞ்சும் ஊதாவுமாகக் கடற்பஞ்சு அப்பிக் கிடக்கிறது. தூண்களுக்கு நடுவே வெயில் பட்டைப் பட்டையாக இறங்கும், அதில் ஆயிரக்கணக்கில் மீன் அசையாமல் நிற்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தீவில் இல்லை என்பது என் கட்சி. உன் அத்தான் 'ஹில்மா ஹூக்கர்' கட்சி. அது ஒரு 72 மீட்டர் சரக்குக் கப்பல். 1984-ல் எஞ்சின் கோளாறு என்று சொல்லித் துறைக்கு வந்தது. சோதனை போட்டால் பொய்ச் சுவருக்குப் பின்னால் டன் கணக்கில் கஞ்சா! உரிமையாளர் என்று யாரும் வரவில்லை. கப்பலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, செப்டம்பர் 12 அன்று மூழ்கியது. இப்போது 30 மீட்டரில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. உங்கள் சான்றிதழுக்கு அனுமதி 18 மீட்டர்தான், ஆகவே அதை மேலே இருந்து பார்க்கலாம். மாப்பிள்ளை ஆசைப்படுவார், விடாதே.

ராத்திரி டைவ் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பௌர்ணமி கழிந்த இரண்டாம் மூன்றாம் நாள், சூரியன் மறைந்து முக்கால் மணி ஆகி, நிலா இன்னும் எழாத நேரம். ஆழமில்லாத இடத்தில் மணலில் நின்று இரண்டு பேரும் டார்ச்சை அணைத்தோம். முதலில் ஒன்றும் இல்லை, என் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு முகத்துக்கு எதிரே ஒரு நீலப் புள்ளி. அதற்கு மேலே ஒன்று, அதற்கு மேலே ஒன்று, சம இடைவெளி விட்டு. சரம் முடிந்ததும் பக்கத்தில் இன்னொரு சரம். எள்ளளவுகூட இல்லாத ஆஸ்ட்ரகாட் என்ற ஓட்டுப் பிராணிகள் அவை. ஆண் பெண்ணைக் கூப்பிட ஒளியைத் துப்பிக்கொண்டே நீந்திப் போகிறது. கண் பழகப் பழகச் சுற்றிலும் எந்தப் பக்கம் பார்த்தாலும் சரம் கட்டி ஏறுகிறது. கடைசியில் டார்ச்சைப் போட்டதும் ஆள் நீளத்தில் ஒரு டார்பன் மீன் என் தோளை ஒட்டிப் போனது பார், ரெகுலேட்டரைக் கடித்துத் துப்பப் பார்த்தேன். அது எங்களை ஒன்றும் செய்யாது. டார்ச் வெளிச்சத்தில் சின்ன மீன் மாட்டும் என்று கூடவே வரும், அவ்வளவுதான். நான் எந்த மீன் மேலே வெளிச்சம் அடிக்கிறேனோ அது போச்சு. அதற்குப் பிறகு பாவம் பார்த்து மணலிலேயே டார்ச் அடித்துக்கொண்டு வந்தேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நம்பவும் கூடாது. 2023-ல் பவளத் திசுவை அரிக்கும் ஒரு நோய் போனேருக்கும் வந்துவிட்டது. மூளை வடிவப் பவளங்களில் ஒரு பக்கம் உயிரோடும் மறு பக்கம் வெள்ளையாகவும் நிற்பதைப் பார்த்தோம். நோய் நம்மோடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகாமல் இருக்க, சாமான்களைக் கிருமிநாசினியில் அலசச் சொல்கிறார்கள். அந்த வருஷம் கடல் சூடானதிலும் நிறைய வெளுத்துப் போயிருக்கிறது. புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிற தீவுதான், ஆனாலும் 1999-ல் லெனி, 2008-ல் ஓமர் என்று இரண்டு புயல்கள் அடங்கிக் கிடக்கிற மேற்குக் கரையிலேயே அலையை அடித்து மேல் பவளத்தை உடைத்துவிட்டன. பிறகு சிங்கமீன். அந்தமானில் அதைப் பார்த்தால் எல்லோரும் கூட்டம் கூடிப் படம் எடுப்பார்கள், நம் கடல் மீன் அது. அங்கே வந்தேறி. 2009-ல் முதலில் கண்ணில் பட்டது. பிடித்துத் தின்ன ஆள் இல்லாமல் பெருகுகிறது என்று பயிற்சி பெற்றவர்கள் ஈட்டியோடு அதை மட்டும் குத்தப் போகிறார்கள். ஊர்க்காரியைப் பார்த்த மாதிரி எனக்கு ஒரு பாசம், ஆனால் ஓட்டலில் வறுத்துக் கொடுத்தபோது சாப்பிட்டேன்.

வண்டியைப் பூட்டாமல் விட்டுவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும். பூட்டினால் கண்ணாடியை உடைப்பார்களாம். அதனால் பர்ஸ், போன், பாஸ்போர்ட் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. எங்களுக்குப் போனது ஒரு பழைய துண்டு. திருடனுக்கும் அது பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சமையலறையோடு வீடு எடுத்தோம், புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோனதால் ஓட்டல் செலவு பாதி மிச்சம். காய்கறி எல்லாம் கப்பலில் வருவதால் யானை விலை. விசாவை மட்டும் டிராவல் ஏஜென்ட் சொல்வதை நம்பி விட்டுவிடாதே. டச்சு ஆட்சி என்றாலும் அந்தத் தீவு ஷெங்கன் எல்லைக்குள் வராது, தூதரகத்தில் நேரே கேள். டைவிங் இன்ஷூரன்ஸ் இல்லாமல் போகவே போகாதே. ஊரில் அழுத்த அறை இருக்கிறது, அதற்குள் போகும் நிலை வந்தால் பில்லைப் பார்த்து மாப்பிள்ளை மயங்கிவிடுவார். திரும்புவதற்கு முந்தின நாள் டைவ் கூடாது. விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். அந்த நாளை உப்பளத்துக்கும் குடிசைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர்க்காரர்களுக்கு இந்த விதி வீட்டுக்கு வரவும் உண்டு, தெரியுமா? இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேலே. நேத்ராணியில் டைவ் செய்துவிட்டு அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு மலைத்தொடர் ஏறி வரக் கூடாது. முருடேஸ்வரத்தில் ராத் தங்கிவிட்டுத்தான் கிளம்புவோம். எதிர்வீட்டு அம்மா, "ஈ வயஸ்ஸல்லி இதெல்லா பேக்கா?" என்று இன்றும் கேட்கிறார். நம் அம்மா அதையே தமிழில், "இந்த வயசுல இதெல்லாம் வேணுமா?" என்று கேட்பாள். எவ்வளவு ஆழம் என்று கேட்டால் இடுப்பளவு என்று சொல்லிவை. இறங்கும்போது அது உண்மைதானே.

ஆகவே டிசம்பரில் இங்கே வாருங்கள். இரண்டு நாள் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் நீயும் மாப்பிள்ளையும் கை ஜாடை மட்டும் பழகுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். பிறகு நாலு பேருமாக நேத்ராணி போகலாம், அங்கே கைடு கட்டாயம் இருப்பார். நான் பின்னால் வந்து, நீ கட்டை விரலைக் காட்டினால் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பார்க்கிறேன். சும்மாவேனும் ஒரு தரம் காட்டு, தேவை இல்லாவிட்டாலும். அவர் மறுபேச்சில்லாமல் திரும்பினால் அடுத்த வருஷப் போனேருக்கு வீடு பார்த்துக் கொடுப்பது உன் அத்தான் பொறுப்பு. வந்தே பாரத் டிக்கெட் அறுபது நாள் முன்னால்தான் திறக்கிறது, கிறிஸ்துமஸ் வாரம் என்றால் அக்டோபர் கடைசியிலேயே போட்டுவிடு. பூட்ஸ் சைஸ் உனக்கு ஆறா ஏழா? அதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அக்கா ஜெயா